அறுநூற்று இருபது அடியில் என் மாப்பிள்ளை வாட்ச்

நான் ஒரு பொய்யன். பெரிய பொய்யன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அந்தத் திறமை என்னிடம் இல்லை. பெரிய பொய்யர்கள் பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்குப் பொருத்தமான கைக்கடிகாரம் எது என்று கடை கடையாகத் தேடி அலைபவன்.

தேனியில் ஒரு தனியார் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் எப்படிக் கூடும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினால், பதினோராம் வகுப்பே மூச்சுத் திணறி உட்கார்ந்திருக்கும். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் குச்சனூரில் சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில், ஒரு ஜோசியர் என் அம்மாவிடம், "பையனுக்கு நீரில் கண்டம்" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு வைகை அணைக்குச் சுற்றுலா போனால்கூட நான் பூங்காவோடு சரி. வீட்டில் குளிக்கக்கூட அரை வாளிதான். (அந்த ஜோசியர் பார்த்தது என் ஜாதகத்தையா, பக்கத்தில் நின்றவன் ஜாதகத்தையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.)

இப்படிப்பட்ட எனக்கு, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தில் பெண் நிச்சயம் ஆனது. பவித்ரா. கம்பத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். நிச்சயம் முடிந்த மறுநாள் போனில் பேசினோம். எடுத்த எடுப்பிலேயே அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"என்கிட்ட பொய் மட்டும் சொல்லிராதீக. உங்களுக்கு முன்னாடி ஒருத்தரு பொண்ணு பாக்க வந்தாக. எல்லாம் பேசி முடிச்ச பெறகுதான் தெரிஞ்சுச்சு, தலையில இருந்தது விக்கு. முடி இல்லாததுக்கு இல்ல, மறைச்சதுக்குத்தான் வேணாம்னுட்டேன்."

"பொய்யா? எனக்கு வரவே வராதே" என்றேன். (கவனிக்கவும், முதல் பொய்.)

"எனக்கு ஒரே ஒரு ஆசை. கல்யாணம் முடிஞ்சு அந்தமான் போகணும். கடலுக்குள்ள முங்கி மீனெல்லாம் பாக்குறாகள்ல, ஸ்கூபா, அது பண்ணணும். உங்களுக்கு பயமில்லையே?"

"ஸ்கூபாதானே? நான் ரெண்டு தடவ பண்ணியிருக்கேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒரு தடவை என்றாவது சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவையாம்! அவளோ குதித்தே விட்டாள். "அய்யோ, நெசமாவா! வீடியோல எல்லாரும் கையில பெருசா ஒரு வாட்ச் கட்டியிருப்பாகளே, நீங்களும் கட்டியிருந்தீகளா?"

"ஆமா. அது பழசாயிருச்சு. புதுசு பாக்கணும்."

அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டார் முறை. மேடையில் பெண்ணின் அண்ணன்காரன்தான் அதை மாப்பிள்ளை கையில் கட்டிவிடுவான். அன்று சாயங்காலமே பவித்ராவின் அண்ணன் பாண்டி போன் செய்தான். "மாப்ள, என்னமோ முங்குற வாட்ச் வேணுமாமே? ஞாயித்துக்கெழம தேனிக்கு வர்றேன், நீங்களே பாத்து எடுத்துக்கங்க. ரெண்டு தடவ கடலுக்குள்ள போன ஆளாம்ல நீங்க! தோட்டத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில்தான் ஆராய்ச்சியில் இறங்கினேன். நீச்சலைக் கற்றுக்கொள்வதைவிட வாட்சைக் கற்றுக்கொள்வது சுலபம் இல்லையா? ஒரு வாரம் பள்ளியில் கிடைத்த ஓய்வு வகுப்பெல்லாம் இதற்கே போனது. வாட்சின் முதுகில் '30 மீட்டர்' என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லையாம். மழையில் நனையலாம் என்றுதான் அர்த்தமாம். ஐம்பது என்றால் நீச்சல் குளத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நூறு என்றால் மேலாக மிதக்கலாம். உள்ளே முங்குகிறவனுக்கு இருநூறு வேண்டும். சாவி கொடுக்கும் குமிழைத் திருகி இறுக்கி மூட முடிய வேண்டும். முள் இருட்டில் மின்ன வேண்டும். பட்டை ரப்பராக இருக்க வேண்டும். முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அது ஒரு பக்கமாக மட்டும்தான் சுற்ற வேண்டும். உள்ளே போகும்போது அதைத் திருப்பி வைத்துக்கொண்டால் எத்தனை நிமிடம் ஆனது என்று காட்டும். தெரியாமல் எதிலாவது இடித்து நகர்ந்துவிட்டாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டுமே தவிர, குறைத்துக் காட்டாது. காற்று மிச்சம் இருக்கும்போதே ஆளை மேலே அனுப்பிவிடும். பொய் சொன்னாலும் உயிரைக் காக்கும் பொய்யாகத்தான் சொல்லும். அந்த வளையத்துக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டியும் நானும் தேனியில் கடை ஏறி இறங்கினோம். கல்யாணத்துக்கு வாட்ச் என்றதும் எல்லாக் கடையிலும் வெல்வெட் பெட்டியைத் திறந்து தங்கநிற ஜோடி வாட்சைக் காட்டினார்கள். நான் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பேன், உதட்டைப் பிதுக்குவேன்.

"வாட்டர் ப்ரூஃப்தான் சார்" என்றார் ஒரு கடைக்காரர். "மழையில தைரியமா போகலாம். என்ன, கை கழுவும்போது மட்டும் கழட்டி வச்சிருங்க."

"இதக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள போகலாமா?"

அவர் பாண்டியைப் பார்த்தார். "மாப்பிள்ள என்ன வேல பாக்குறாரு?"

கடைசியில், பழைய பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில், மூலையில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது அது. கருப்பு முகம், ரப்பர் பட்டை, திருகு குமிழ், 200 மீட்டர். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவிட்டேன். பாண்டி அதைக் கையில் வாங்கி எடை பார்த்தான். "மாப்ள, இதக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள போனா தானா முங்கிருவீக. வேற ஒண்ணும் வேணாம்" என்றான். மதியம் தோட்டத்தில் கறிச் சாப்பாடு, அப்பாவும் வாட்சைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொல்லி என்னைக் கிளப்பினான். நான் என் பைக்கில், கையில் புது வாட்சோடு, சின்னமனூரும் உத்தமபாளையமும் என்னைத்தான் பார்க்கின்றன என்ற நினைப்பில் போனேன்.

தோட்டத்தில் ஒரே கூட்டம். போர்வெல் மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோய் நாலு நாளாகத் திராட்சைக்குத் தண்ணீர் இல்லை. காய் பிடித்திருக்கும் நேரம். சரிசெய்த மோட்டாரை இறக்குவதற்காக மெக்கானிக் தன் வண்டியோடு வந்திருந்தார். குமுளியில் பாதி, கம்பத்தில் பாதி என்று வாழ்கிறவர், அதனால் பேச்சும் பாதி மலையாளம், பாதி தமிழ். குழாய்களெல்லாம் வரிசையாகத் தரையில் கிடந்தன. மாமா, அதாவது என் வருங்கால மாமனார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். மோட்டார் ரூம் நிழலில் பவித்ரா. என் கையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் நான் கால் தரையில் படாமல் நடந்தேன்.

அப்போதுதான் பாண்டி ஆரம்பித்தான்.

"மாப்ள, இந்தா பக்கத்துலதான் நம்ம கிணறு. உப்புத் தண்ணி, பாய்ச்ச ஆகாது, ஆனா நாப்பதடி கெடக்கு. அங்கன இருந்து ஒரு குதி குதிங்க. வாட்ச்சும் டெஸ்ட் ஆயிரும், நாங்களும் உங்க டைவ பாத்த மாதிரி ஆயிரும்."

"ஆமா, குதிங்க! நானும் பாக்கணும்" என்று பவித்ரா கை தட்டினாள்.

கூட்டமெல்லாம் கிணற்றடிக்கு என்னையும் தள்ளிக்கொண்டு போனது. எட்டிப் பார்த்தேன். பச்சையாக, சத்தமே இல்லாமல், என் ஜாதகத்தைத் தெரிந்து வைத்திருப்பதுபோல் கிடந்தது தண்ணீர். நான் ரெண்டடி பின்னால் வந்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் விக்கு வைத்தவர் வரிசையில் நானும் நிற்க வேண்டியதுதான். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது. அதைவிட, அவள் கை தட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கை தட்டல் நின்றுபோவதை என்னால் பார்க்க முடியாது. உண்மையைச் சொல்லாமல் குதித்தாலோ, கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே இருக்க மாட்டான்.

அந்த நொடியில் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.)

"மச்சான், இது இருநூறு மீட்டர் வாட்ச்" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில். "இத நாப்பதடிக் கிணத்துல டெஸ்ட் பண்றது, ஓட்டப் பந்தயத்துல மெடல் வாங்குனவன பால் பாக்கெட் வாங்க அனுப்புற மாதிரி. வாட்ச்சுக்கே அவமானம்."

மாமா திரும்பினார். "இருநூறு மீட்டர்னா எத்தன அடி மாப்பிள?"

"அறுநூத்தி அம்பத்தாறு."

"நம்ம மோட்டார் நிக்கிறது அறுநூத்தி இருவது" என்றார் மாமா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இதுல கட்டி இறக்கிருவமா?"

"தாராளமா!" என்றேன் நான். சந்தோஷத்தில் குரல் கீச்சென்று வந்தது. கிணற்றிலிருந்து தப்பியாகிவிட்டதே! மோட்டாருக்கு மேலே முதல் குழாயில் நானே வாட்சைச் சுற்றிப் பட்டையை மாட்டினேன். மெக்கானிக் அதன்மேல் கம்பியைச் சுற்றி இறுக்கினார். "ஒண்ணும் பேடிக்கண்டா சாரே, பயப்படவே வேணாம், மோட்டார் போனாலும் வாட்ச் போகாது" என்றார். வளையத்தைச் சரியாகத் திருப்பி வைத்தேன், எத்தனை நிமிடம் உள்ளே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா! ஆழத்தைத் தரையிலிருந்து அல்ல, தண்ணீர் மட்டத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று சுற்றி நின்றவர்களுக்கு ஒரு சின்ன வகுப்பும் எடுத்தேன். எல்லாரும் வாயைத் திறந்து கேட்டார்கள். பவித்ரா கண்ணில் பெருமை வழிந்தது.

ஒரு குழாய் இருபதடி. முப்பத்தொரு குழாயையும் ஒன்றோடொன்று திருகி இறக்க மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் நான் கறிக்குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். பிறகு பாண்டி சுவிட்சைப் போட்டான். குழாய் இருமியது, சேறாகத் துப்பியது, அப்புறம் பளிங்குபோல் கொட்டோ கொட்டென்று கொட்டியது தண்ணீர். கூட்டம் கத்தியது. மாமா அதில் முகத்தைக் கழுவி, துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "ராசியான மாப்பிள்ளடா!" என்றார்.

நானும் கை தட்டினேன். பிறகு, எல்லாரும் கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன். "சரி மாமா, இப்ப வாட்ச்ச எடுத்துரலாமா?"

மாமா தலையிலிருந்து துண்டை எடுத்தார்.

"எங்கன இருந்து?" என்றார் மாமா.

"அதான்... மோட்டாரத் தூக்கி..."

மெக்கானிக் தன் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பெண்ணைத் திருப்பி அனுப்புகிறேன் என்று நான் சொல்லியிருந்தால்கூட அங்கே அப்படி ஒரு அதிர்ச்சி வந்திருக்காது. "ஓடுற மோட்டாரத் தூக்குறதா?" என்றான் பாண்டி மெதுவாக. "மாப்ள, வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டுல வந்து சொல்லுற சொல்லா இது? அதுவும் காய் நிக்கிற நேரத்துல!"

சோதனை என்றால் போட்ட பொருளை வெளியே எடுத்துப் பார்ப்பதும் சேர்த்துத்தான் என்பது இந்த இயற்பியல் ஆசிரியருக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா என் தோளில் கையைப் போட்டு ஆறுதல் சொன்னார். "கவலப்படாதீக மாப்பிள. எப்படியும் ரெண்டு வருசத்துல மறுபடி காயில் போகும். அப்ப மேல வந்துரும்."

கல்யாணத்தன்று மேடையில் பாண்டி தன் பழைய வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினான். அதுவும் நின்றுபோன வாட்ச். "மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்கலயா?" என்று முன்வரிசையில் ஒரு அத்தை கேட்க, "எடுத்தோமே, போர்ல இருக்கு" என்று இன்னொரு அத்தை சொல்ல, அங்கிருந்து அந்தச் செய்தி பந்திக்குப் போய், சாம்பாரோடு சேர்த்துப் பரிமாறப்பட்டது.

அந்தமான் போனோம். எங்களுக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுக்க வந்தவர் தூத்துக்குடிக்காரர். என் வெறுங்கையைப் பார்த்த பவித்ரா, "இவருக்கு வாட்ச் இல்லயே, பரவாயில்லயா?" என்று அக்கறையாகக் கேட்டாள். அவர் சிரித்தார். "முதல் தடவ வர்றவங்களுக்கு வாட்செல்லாம் வேண்டாம் மேடம். ஆழம், நேரம், காத்து எல்லாம் என் கையில இருக்கிற மெஷின் பாத்துக்கும். உங்கள நான் விடவே மாட்டேன், முதுகுச் சிலிண்டரப் பிடிச்சுக்கிட்டேதான் வருவேன்."

இதை ஒருவர், ஒரே ஒருவர், தேனியில் எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? "எனக்கு முதல் தடவ இல்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அதில் மூச்சுக்குழாயைத் திணித்துவிட்டார். தலையைத் தண்ணீருக்குள் விடச் சொன்னார். விட்டேன். அடுத்து என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. ரெண்டு கையாலும் அவர் கழுத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "அம்மா! கண்டம்! கண்டம்!" என்று நான் அலறியதாகப் பவித்ரா சொல்கிறாள்.

"சார், கழுத்த விடுங்க" என்றார் அவர் திணறிக்கொண்டு. "கால ஊனி எந்திரிச்சு நில்லுங்க. தண்ணி இடுப்பளவுதான்."

எழுந்து நின்றேன். இடுப்பளவுதான்.

பவித்ரா சிரிக்கவில்லை. "ரெண்டு தடவ பண்ணுனேன்னு சொன்னீகளே, அது எங்கன?"

"எங்கயும் இல்ல."

"நீச்சலு?"

"தெரியாது."

"அப்ப அன்னைக்கு அந்த வாட்ச்ச..."

"கிணத்துக்குப் பயந்துதான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டாள், அவரோடு உள்ளே போய்விட்டாள். நான் கரையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி ஆறாவது நாள். அவள் போட்ட ஒரே ஒரு நிபந்தனையையும் மீறிவிட்டு, ஈர உடையில், யாரும் இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, கையில் வாட்ச் இல்லை.

திடீரென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவள் தலை வெளியே வந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கத்தினாள். "ஏங்க! கீழ ஒரு மீனு, அப்படியே எங்கப்பா மாதிரியே மீச வச்சிருக்கு! வாங்க, காட்டுறேன்!"

"பவித்ரா, என் மேல கோவம்..."

"இருக்கு. எக்கச்சக்கமா இருக்கு. விக்கு வச்சவராச்சும் கேட்டதும் கழட்டிக் காட்டுனாரு. நீங்க அறுநூத்தி இருவது அடியில கொண்டுபோயிப் பொதச்சீகளே!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அலையில் உருண்டு உருண்டு சிரித்தாள். "இனிமே ஒரு பொய், ஒண்ணே ஒண்ணு சொன்னீக, உங்களையும் கட்டி இறக்கிருவேன். இப்ப கையக் குடுங்க."

கொடுத்தேன். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் தூத்துக்குடிக்காரர் (பாவம், கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார்). உள்ளே போனேன். அந்த மீன் என் மாமனாரேதான்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குப் போன் போட்டு, நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இது எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்பிள" என்றார்.

"தெரியுமா? எப்படி மாமா?"

"நீச்சல் தெரிஞ்சவன் கிணத்த எட்டிப் பாத்தா, கை தன்னால சட்டப் பட்டனுக்குப் போகும். உங்க கை பைக் சாவிக்குல்ல போச்சு."

"அப்பறம் ஏன் மாமா வாட்ச்சக் கட்டச் சொன்னீக?"

"வேற என்ன செய்ய? இன்னும் ஒரு நிமிசம் விட்டுருந்தா பாண்டிப்பய உங்களப் பிடிச்சுத் தள்ளியிருப்பான். அத்தன பேருக்கு முன்னாடி உங்கள விட்டுக்குடுக்க முடியுமா? வாட்ச்சு உள்ள போனாப் போகுது, மாப்பிள்ள மேல நிக்கணும்ல."

என் பொய்யைக் காப்பாற்ற ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு வாட்சைக் கட்டி இறக்கியிருக்கிறார் மனிதர். பெண் கொடுத்த வீட்டில் அதற்குமேல் ஒருவன் என்ன எதிர்பார்க்க முடியும்?

நான்கு வருடம் ஆகிறது. மோட்டார் இன்னும் ஓடுகிறது. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் எல்லாம் ரெண்டு மூன்று தடவை காயில் போய்விட்டது, எங்களுடையது அசைய மாட்டேன் என்கிறது. வாட்ச் கட்டிய ராசிதான் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். போன மாதம் புது மோட்டார் இறக்கிய ஒருவர், எந்தக் கம்பெனி வாட்ச் என்று என்னிடமே வந்து விசாரித்தார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரையும் யாரும் பொய்யன் என்று திட்டுவதில்லை. அந்தச் சொல்லின் வேலையை ஒரு சின்னக் கேள்வி எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று காலையில்கூட, கேஸ் சிலிண்டருக்குப் பதிந்துவிட்டீர்களா என்று பவித்ரா அடுப்படியிலிருந்து கேட்டாள். சுத்தமாக மறந்திருந்தேன்.

"நேத்தே பதிஞ்சேன், அவுக பக்கம்தான் ஏதோ கோளாறு" என்றேன்.

கரண்டிச் சத்தம் நின்றது. அப்புறம் குரல் வந்தது.

"எத்தன அடி?"